ட்ரோனில் கால்கள் பொருத்திய பிறகு பறக்கும் நேரம் குறைகிறது: எடை மட்டும்தான் காரணமா?

செம்பருந்து எழுதியது:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 5 அங்குல ப்ராப் (சுழலி) போட்ட நாலு மோட்டார் ட்ரோன். 4எஸ் (நான்கு செல்கள் தொடராக) 1500 எம்ஏஹெச் (மில்லிஆம்பியர் மணி) லிப்போ பேட்டரியோடு சேர்த்து 600 கிராம். இறக்கும்போதெல்லாம் அடியில் உள்ள கேமரா தரையில் உரசுகிறது. அதனால் நான்கு கால்களை ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து பிஇடிஜி பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் எடுத்தேன். ஒவ்வொரு காலும் மோட்டாருக்கு அடியில் தொடங்கி, ஆர்மின் (மோட்டாரைத் தாங்கும் கையின்) அடிப்பக்கத்தில் 50 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டையாகப் படிந்து, பிறகு கீழே இறங்குகிறது. நன்றாகப் பிடிக்கட்டும் என்று அந்தப் பட்டையை ஆர்மைவிட இரண்டு பக்கமும் 7 மில்லிமீட்டர் அகலமாக வைத்திருக்கிறேன். ஸ்க்ரூவோடு நான்கும் 36 கிராம்.

முன்பு அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கும்படி ஹோவர் செய்தால் 12 நிமிடத்துக்குச் சற்று முன்பு வோல்டேஜ் எச்சரிக்கை வரும். இப்போது 9 நிமிடத்திலேயே வருகிறது. 36 கிராம் என்பது மொத்த எடையில் 6 சதவீதம்தான். அதற்குக் கால்வாசி நேரம் போகுமா? எங்கே பார்க்க வேண்டும்?

மின்கலம் எழுதியது:

எடை 6 சதவீதம் கூடினால் மின்சக்தியும் 6 சதவீதம்தான் கூடும் என்று நினைக்க வேண்டாம். ஹோவரில் தேவைப்படும் சக்தி எடையின் ஒன்றரை அடுக்குப்படி கூடும். 1.06-ஐ ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தினால் 1.09. அதாவது 9 சதவீதம் அதிகச் சக்தி. சிறிய மாற்றங்களுக்கு இப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம்: எடை 1 சதவீதம் ஏறினால் சக்தி 1.5 சதவீதம் ஏறும்.

உங்கள் பேட்டரியில் 14.8 வோல்ட், 1.5 ஆம்பியர் மணி, ஆக 22.2 வாட்-ஹவர். அதில் 80 சதவீதத்தைத்தான் எடுக்கிறோம் என்று வைத்தால் சுமார் 17.8. பன்னிரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு என்றால் உங்கள் ட்ரோன் ஹோவரில் 90 வாட் அளவில் குடிக்கிறது. 5 அங்குலத்துக்கு அது இயல்பான அளவுதான். 9 சதவீதம் கூட்டினால் 98 வாட், அதற்கு 11 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வர வேண்டும். ஆகவே 9 நிமிடம் என்பதை எடையை மட்டும் வைத்து விளக்க முடியாது.

ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி. இரண்டு முறையும் ஒரே பேட்டரியா? எச்சரிக்கை எத்தனை வோல்ட்டில் வைத்திருக்கிறீர்கள்? பறந்து முடிந்ததும் சார்ஜர் எத்தனை எம்ஏஹெச் திருப்பி ஏற்றியது?

தட்டான் எழுதியது:

எனக்கென்னவோ சிஜி, அதாவது எடை மையம், மாறிப்போச்சுன்னு தோணுதுங்க. கால் நாலும் ஒரே எடையா இருக்கா? முன்னாடி கனம் விழுந்தா முன் மோட்டார் ரெண்டும் கூடுதலா உழைக்கும், பேட்டரி சீக்கிரம் காலியாகும். என் ட்ரோன்ல ஜிபிஎஸ் மாட்டினப்போ பின் மோட்டார் கொதிச்சுது.

விசிறி எழுதியது:

தட்டான், மோட்டார் சூடாகும் என்பது சரி. ஆனால் பறக்கும் நேரம் பெரிதாகக் குறையும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். முன் ஜோடி 55 சதவீதமும் பின் ஜோடி 45 சதவீதமும் சுமக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் ஒன்றரை அடுக்குக்கு உயர்த்திக் கூட்டினால், சரிசமமாகச் சுமப்பதைவிட 0.4 சதவீதம்தான் கூடுகிறது. 60-க்கு 40 என்று மோசமாகச் சாய்ந்தாலும் 1.5 சதவீதம். நிமிடக் கணக்கில் அது கண்ணுக்கே தெரியாது.

சிஜியைச் சரிசெய்ய வேண்டிய காரணம் வேறு. கனமான பக்கத்து மோட்டார்களுக்குக் கையிருப்பில் இருக்கும் த்ரஸ்ட் (உந்துவிசை) குறைகிறது. காற்று ஒரு தள்ளு தள்ளும்போது அவைதான் முதலில் எல்லையைத் தொடும். அதற்காகச் சரிசெய்யுங்கள், நேரத்துக்காக அல்ல.

செம்பருந்து எழுதியது:

மின்கலம் கேட்டதற்கு: எச்சரிக்கை ஒரு செல்லுக்கு 3.5 வோல்ட். பேட்டரி அதே பிராண்ட், அதே கொள்ளளவு, ஆனால் இரண்டாவது சோதனைக்கு எடுத்தது வேறொன்று, கொஞ்சம் பழையது. சார்ஜர் 1050 எம்ஏஹெச் ஏற்றியது. கால் இல்லாமல் பறந்த முறை 1200 ஏற்றியதாக நினைவு.

மின்கலம் எழுதியது:

பாதி விடை அதிலேயே இருக்கிறது. 1200 எடுக்க வேண்டிய இடத்தில் 1050 எடுத்ததுமே எச்சரிக்கை வந்துவிட்டது. பேட்டரி பழகப் பழக உள்மின்தடை ஏறும். ஒரு செல்லுக்கு 10 மில்லிஓம் கூடினாலே 7 ஆம்பியர் ஓட்டத்தில் 0.07 வோல்ட் கூடுதலாகத் தொய்வு விழும். உள்ளே மின்சாரம் மிச்சம் இருக்கும்போதே பீப் அடிக்கும். கால்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதனால்தான் நிமிடத்தை வைத்து ஒப்பிடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். நிமிடத்தில் பேட்டரியின் வயது, அன்றைய வெப்பம், எச்சரிக்கை வைத்த இடம், நீங்கள் எப்போது இறக்க முடிவெடுத்தீர்கள் என்பதெல்லாம் கலந்திருக்கிறது. வாட்டைப் பாருங்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் லாகில் (பறக்கும்போது ட்ரோன் சேமிக்கும் பதிவில்) பதிந்து பெருக்கி, ஹோவரின் நடுப்பகுதியில் இரண்டு மூன்று நிமிடத்துக்குச் சராசரி எடுங்கள். ஆம்பியரை மட்டும் பார்த்தாலும் போதாது. வோல்டேஜ் இறங்க இறங்க அதே சக்திக்கு ஆம்பியர் ஏறிக்கொண்டே போகும்.

தட்டான் எழுதியது:

பீட்டாஃப்ளைட்ல (ட்ரோனைக் கட்டுப்படுத்துற மென்பொருள்) ஆம்பியர் சென்சார் காட்டுற எண்ணை நம்பலாமா? என்னோடது சார்ஜர் கணக்கோட ஒத்துப்போகவே மாட்டேங்குது. ஸ்கேல்ங்கற அளவுத்திருத்த எண்ணை ஏத்தணுமா இறக்கணுமா?

மின்கலம் எழுதியது:

அளவீடு சரிசெய்யாத சென்சாரை நம்ப வேண்டாம். ஒரு முறை பறந்து முடிந்ததும் ஓஎஸ்டி (கேமராப் படத்தின் மேல் வரும் எண்கள்) காட்டும் எம்ஏஹெச்சைக் குறித்துக்கொள்ளுங்கள். சார்ஜர் எவ்வளவு திருப்பி ஏற்றியது என்று பாருங்கள். பீட்டாஃப்ளைட்டில் புதிய ஸ்கேல் = பழைய ஸ்கேல் × ஓஎஸ்டி எண் ÷ சார்ஜர் எண். ஓஎஸ்டி அதிகமாகக் காட்டினால் ஸ்கேல் ஏறும். ஆர்டுபைலட் என்ற இன்னொரு மென்பொருளில் இது தலைகீழ், கவனம்: அங்கே ஒரு வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று கொடுக்கிறோம், அதை ஏற்றினால் காட்டும் மின்னோட்டமும் ஏறும்.

ஒப்பீட்டுக்கு மட்டும் என்றால் சென்சார் கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை. இரண்டு பக்கமும் அதே பிசகு இருப்பதால் சதவீதம் பெரிதாக மாறாது.

பூங்காற்று எழுதியது:

செம்பருந்து, உங்கள் கேள்விக்கு நேரடியாக விடை தரக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. மூன்று நிலைகளில் பறக்கவிடுங்கள். முதலில் கால் எதுவும் இல்லாமல். அடுத்து, காலுக்குப் பதிலாக 36 கிராம் எடையை உடலின் நடுவில், ப்ராப் காற்று படாத இடத்தில், டேப் போட்டு இறுக்கமாக ஒட்டி. களிமண்ணோ பழைய நட்டு போல்ட்டுகளோ எதுவானாலும் சரி. மூன்றாவதாக, உண்மையான கால்களோடு. முதலுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம் எடையால் வருவது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் வடிவமைப்பால் வருவது. எடையைக் குறைக்க வேண்டுமா, வடிவத்தை மாற்ற வேண்டுமா என்பது இப்படிப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு பாகத்தை வரைகிற எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். கிராம் தராசை மட்டும் பார்த்துவிட்டு நல்ல வடிவங்களைக் கைவிடுகிறவர்களும், மோசமான வடிவங்களை இலேசானது என்று மெச்சிக்கொள்கிறவர்களும் நிறைய இருக்கிறார்கள்.

மூன்றையும் ஒரே பேட்டரியில், ஒவ்வொரு முறையும் முழுசாகச் சார்ஜ் செய்து, ஆறவிட்டுப் பறங்கள். ஒரு சுற்றோடு நிறுத்தாமல் வரிசையை மாற்றி இன்னொரு சுற்றும் எடுங்கள். காலையில் வெறும் ட்ரோன், மதியம் கால்களோடு என்று செய்தால் வெயிலையும் சேர்த்து அளந்தவராவீர்கள். 15 டிகிரியில் இருக்கும் காற்று 35 டிகிரிக்குப் போனால் அடர்த்தி குறைந்து ஹோவர் சக்தி சுமார் 3 சதவீதம் ஏறுகிறது. நீங்கள் தேடுகிற வித்தியாசமே அவ்வளவுதான் இருக்கலாம்.

காற்று வீசும்போது அளக்காதீர்கள். இலேசான காற்றை எதிர்த்து ஒரே இடத்தில் நிற்கும் ட்ரோனுக்கு அது முன்னோக்கிப் பறப்பது போலத்தான். ப்ராப்புக்குப் புதிய காற்று பக்கவாட்டில் வந்துகொண்டே இருப்பதால் தேவைப்படும் சக்தி ஓரளவு குறையும். காற்றே இல்லாத நேரத்தைவிட மென்காற்றில் அதிக நிமிடம் கிடைப்பது இதனால்தான். பிறகு அதையே பாகத்தின் பெருமையாக எழுதிவிடுகிறார்கள். வீட்டுக்குள்ளே செய்தால் வேறு சிக்கல்: சின்ன அறையில் ட்ரோன் தள்ளிய காற்றே சுற்றி வந்து மேலிருந்து அமுக்கும். தரைக்கு மிக அருகில் நின்றால் தரைவிளைவால் சக்தி குறைவாகக் காட்டும். திறந்தவெளியில், இலை அசையாத நேரத்தில், ஆள் உயரத்துக்கு மேலே.

விசிறி எழுதியது:

பூங்காற்று சொன்ன மூன்றாம் நிலையில் வித்தியாசம் தெரியும் என்றே நினைக்கிறேன். காரணம் அந்த அகலப் பட்டை.

ஹோவரில் ட்ரோன் அசையாமல் நிற்பதால் காற்றுத்தடை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ப்ராப்புக்கு அடியில் இருக்கும் பாகத்தைக் கேட்டால் வேறு கதை சொல்லும். 600 கிராமை நான்கு 5 அங்குல வட்டங்கள் தாங்குகின்றன. ப்ராப் தளத்தில் காற்று நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் கீழே இறங்குகிறது. இன்னும் கீழே போகப்போக 14 மீட்டரை நெருங்கும். மணிக்கு 25 முதல் 50 கிலோமீட்டர். உங்கள் கால்கள் எப்போதும் அந்தக் காற்றில்தான் நிற்கின்றன.

ஆர்ம் ஏற்கெனவே மறைக்கிற இடத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வெளியே நீட்டிக்கொண்டிருப்பது ஒரு காலுக்கு 14 மில்லிமீட்டர் × 50 மில்லிமீட்டர், அதாவது 7 சதுர சென்டிமீட்டர். நான்குக்கும் 28. சராசரியாக நொடிக்கு 10 மீட்டர், தடைக்கெழு (வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்ற எண்) 1.2 என்று வைத்துப் போட்டால் கீழ்நோக்கி 0.2 நியூட்டன் வருகிறது. 21 கிராம் எடைக்குச் சமம். தராசில் 36 கிராம் காட்டும் பாகம் காற்றில் 57 கிராமாகத் தொங்குகிறது. தோராயக் கணக்குதான், ஆனால் எந்த அளவில் பேசுகிறோம் என்பது புரியும்.

செம்பருந்து எழுதியது:

விசிறி, இந்தக் கோணமே எனக்குத் தோன்றவில்லை. மிக்க நன்றி. வார இறுதியில் மூன்று நிலைகளையும் எடுத்துவிட்டு எழுதுகிறேன். அதற்குள் இன்னொன்று: அடுத்த வடிவத்தை பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் எடுத்தால் இலேசாகுமா? இன்ஃபிலை (பாகத்தின் உள்நிரப்பை) 15 சதவீதமாகக் குறைக்கலாமா?

தச்சன் எழுதியது:

பொருளை மாற்றி எடை குறையாது. கன சென்டிமீட்டருக்கு பிஎல்ஏ 1.24, பிஇடிஜி 1.27, ரப்பர் போன்ற டிபியு 1.2 கிராம் என்ற அளவில் எல்லாம் பக்கத்துப் பக்கத்து அடர்த்திதான். ஏபிஎஸ் மட்டும் 1.04. கால் போன்ற மெல்லிய பாகத்தில் இன்ஃபிலைக் குறைப்பதும் பெரிதாக உதவாது. சுவர்களே முழு அகலத்தையும் நிரப்பிவிடும், உள்ளே இன்ஃபிலுக்கு இடமே இருக்காது. எடை குறைய வேண்டுமானால் வரைபடத்தில்தான் குறைக்க வேண்டும்.

பிஎல்ஏ 60 டிகிரி அளவிலேயே இளகும். மோட்டாருக்கு அடியில் வேண்டாம், வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தாலும் வளைந்துவிடும். பிஇடிஜி 80 வரை தாங்கும். காலைப் படுக்கவைத்து பிரிண்ட் செய்யுங்கள். நிற்கவைத்தால் லேயர் கோடு குறுக்கே ஓடி, முதல் முரட்டு இறக்கத்திலேயே படக்கென்று உடையும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஸ்க்ரூ. மோட்டாருக்கும் ஆர்முக்கும் அடியில் தட்டு வைக்கும்போது நீளமான ஸ்க்ரூ போடுகிறோம். கொஞ்சம் கூடுதல் நீளம் போனாலும் அதன் நுனி மோட்டாரின் செம்புச் சுருளைத் தொடும். எனாமல் உரிந்து ஷார்ட் ஆனால் மோட்டாரோடு அதை இயக்கும் இஎஸ்சி சுற்றும் போகும், அதுவும் நடுவானில். டிபியு தட்டு என்றால் இன்னும் ஆபத்து: இறுக்க இறுக்க அது நசுங்கும், அளந்து போட்ட ஸ்க்ரூ உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மாட்டி முடித்ததும் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில்) வைத்து, ஸ்க்ரூ தலைக்கும் மோட்டாரின் மூன்று வயர்களுக்கும் இடையே பாருங்கள். ஒன்றிலும் பீப் அடிக்கக் கூடாது. இதைப் பார்க்காமல் ப்ராப் மாட்ட வேண்டாம்.

என்னைக் கேட்டால் மோட்டார் ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம். ஆர்மில் இரண்டு ஜிப் டை போட்டுக் கட்டுங்கள். கால் என்பது உடைவதற்காகவே இருக்கும் பாகம். விழும்போது ஆர்ம் தப்பி, கால் போக வேண்டும். அதை மோட்டாரோடு இரும்புப்பிடியாகப் பிணைத்தால் அடி நேராக மோட்டாருக்குப் போகும்.

நுங்கு எழுதியது:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது 249 கிராம் மடக்கு ட்ரோன். இதே போலக் கால் பிரிண்ட் செய்து மாட்டலாமா?

பூங்காற்று எழுதியது:

மாட்டினால் 250-ஐத் தாண்டும். பல நாடுகளில் விதிகள் மாறுகிற எல்லை அதுதான், எதைக் கழற்றி மாட்டினாலும் பறக்கும்போதுள்ள எடைதான் கணக்கு. உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அடியில் தரையைப் பார்க்கும் சென்சார் இருக்கும், அதன் பார்வையில் கால் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறைத்தால் தரை பக்கத்தில் இருப்பதாக நினைத்துத் தடுமாறும்.

தட்டான் எழுதியது:

செம்பருந்து அண்ணா, இவ்வளவு பாடுபடறதுக்கு 2200 எம்ஏஹெச் பேட்டரி ஒண்ணு மாட்டினா முடிஞ்சுதே?

மின்கலம் எழுதியது:

நேரம் கூடும், ஆனால் எதிர்பார்க்கிற அளவு கூடாது. இப்போதைய பேட்டரி 175 கிராம், 2200 என்றால் 240 கிராம் அளவில் வரும். மின்சாரம் 47 சதவீதம் கூடுகிறது. ட்ரோன் 665 கிராம் ஆவதால் ஹோவர் சக்தி 90-லிருந்து 105 வாட்டாகிறது. கடைசியில் கையில் நிற்பது 15 நிமிடம், அதாவது 26 சதவீத லாபம்.

இதை நீட்டிக்கொண்டே போனால், பேட்டரியின் எடை மற்ற எல்லாவற்றின் எடையைப் போல இரு மடங்காகும்போது பறக்கும் நேரம் உச்சம் தொடும். அதற்கு மேல் ஏற்றினால் நேரம் குறையத் தொடங்கும். ஏட்டுக் கணக்கு அது. நம் ட்ரோனில் 850 கிராம் பேட்டரியை ஏற்றினால் மேலே எழும்பினாலும் கட்டுப்படுத்தக் கையிருப்பில் இருக்கும் த்ரஸ்ட் வெகுவாகக் குறைந்துவிடும். நிதானமாக நெடுந்தூரம் பறக்கிறவர்கள் 21700 என்ற உருளை வடிவ லி-அயான் செல்களுக்குப் போவது ஒரே எடையில் லிப்போவைவிட அதிக மின்சாரம் தேங்குவதால். ஆனால் அவற்றிலிருந்து சட்டென்று பெரிய ஆம்பியரை உறிஞ்ச முடியாது. செல்லின் தரவுத்தாளில் தொடர் மின்னோட்ட எல்லையைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

எந்தப் பேட்டரி போட்டாலும் காலின் மோசமான வடிவத்தால் வரும் இழப்பு அதே விகிதத்தில் கூடவே வரும், தம்பி. அதனால் செம்பருந்து செய்வதுதான் சரி.

செம்பருந்து எழுதியது:

சோதனை முடிந்தது. ஒரே பேட்டரி, அதிகாலையில், இலை அசையாத நேரம், வரிசை மாற்றி எடுத்த லாகுகளின் சராசரி.

வெறும் ட்ரோன் 90 வாட். நடுவில் 36 கிராம் எடை ஒட்டியபோது 98. கால்களோடு 103. மின்கலத்தின் கணக்கும் விசிறியின் கணக்கும் கிட்டத்தட்ட அப்படியே வந்திருக்கின்றன. 98-லிருந்து 103 போவதற்கு எவ்வளவு கூடுதல் பாரம் வேண்டும் என்று திருப்பிப் போட்டால் 21 கிராம். 1200 எம்ஏஹெச்சில் இறக்கினால் கால்களோடு பத்தேகால் நிமிடத்துக்கு மேல் நிற்கிறது. 9 நிமிடம் என்று நான் பார்த்ததில் மிச்சம் முழுவதும் பழைய பேட்டரியின் பங்கு.

அடுத்த வடிவத்தில் பட்டையை ஆர்மின் அகலத்துக்குள்ளேயே அடக்கிவிட்டேன், மேலிருந்து பார்த்தால் எதுவும் வெளியே தெரியாது. தச்சன் சொன்னபடி இரண்டு ஜிப் டை. மோட்டார் ஸ்க்ரூக்கள் பழையவையே. கீழிறங்கும் பகுதி மெலிந்து, நான்கும் சேர்ந்து 22 கிராம். எடைக்கு மட்டும் கணக்குப் போட்டால் 95 வாட் வர வேண்டும். லாகில் 95-க்கும் 96-க்கும் நடுவே நிற்கிறது. நேரம் 11 நிமிடத்தைத் தாண்டியது. வடிவத்தால் வரும் இழப்பு இப்போது அளவிட முடியாத அளவுக்குச் சுருங்கிவிட்டது.

விசிறி எழுதியது:

அருமை, இவ்வளவு சுத்தமாகப் பிரிந்து வந்த அளவீட்டைப் பார்த்து நாளாகிறது. இன்னும் ஒன்று பாருங்கள். ஆர்ம் நுனியில் தொங்கும் எடை நடுவிலிருந்து தள்ளி இருப்பதால் சுழல்தடையை (திரும்புவதற்குக் காட்டும் எதிர்ப்பை) தூரத்தின் வர்க்கப்படி கூட்டுகிறது. காலை ஆர்மின் நடுப்பகுதிக்கு உள்ளே தள்ள முடிந்தால் ட்ரோன் பழைய சுறுசுறுப்போடு திரும்பும். ஆனால் ரொம்பவும் உள்ளே போனால் இறங்கும்போது கவிழும்.

தச்சன் எழுதியது:

ஜிப் டை கட்டிய கால் இலேசாக ஆடினாலும் ஜைரோவில் (சுழற்சியை உணரும் சென்சாரில்) அதிர்வாகப் பதியும். பிளாக்பாக்ஸ் பதிவில் கால் இல்லாத லாகையும் உள்ள லாகையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதிர்வு வரைபடத்தில் புதிதாக ஒரு முகடு முளைத்திருந்தால் காலுக்கும் ஆர்முக்கும் நடுவே மெல்லிய டிபியு துண்டு ஒன்று வைத்து இன்னும் இறுக்குங்கள். முதல் தடவை ஒரு நிமிடம் தாழப் பறந்து, இறக்கி, நான்கு மோட்டாரையும் தொட்டுப் பார்த்த பிறகு உயரே போங்கள்.

செம்பருந்து எழுதியது:

ஜைரோ லாக் நாளை எடுக்கிறேன். கால்களை 20 மில்லிமீட்டர் உள்ளே தள்ளிய வடிவம் பிரிண்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது. வரைபடக் கோப்பை இங்கேயே ஏற்றுகிறேன். ஆர்ம் அகலத்தை மட்டும் மாற்றினால் மற்ற அளவுகள் தானாக மாறும்படி வைத்திருக்கிறேன், உங்கள் ஃப்ரேமுக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளுங்கள்.